குட்டிப் பெயருக்கு நடுப்பெயர் தேடித் தரும் செயலி: ஒரு மதிப்பீடு

பெண் குழந்தைக்கு நிலா, மீரா, யாழ் என்று இரண்டெழுத்தில் ஒரு முதற்பெயரை முடிவு செய்துவிட்டவர்களுக்கு, அதற்கும் குடும்பப் பெயருக்கும் இடையில் நிற்கப்போகும் நடுப்பெயரைத் தேர்வது அடுத்த வேலையாகிறது. இதற்கென்றே கைப்பேசிச் செயலிகள் சில வந்துள்ளன. அவற்றுள் தமிழ்ப் பெயர்களையும் கையாளும் ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்து இம்மதிப்பீட்டை எழுதுகிறேன். இவ்வகைச் செயலிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் அதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இங்கே குறிப்பிடும் சோதனைகளை எந்தச் செயலியிலும் செய்து பார்க்கலாம்.

முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் உள்ளிட்டதும் நடுப்பெயர்ப் பட்டியல் ஒன்று நட்சத்திர மதிப்பெண்களோடு வந்து நிற்கிறது. நீளம், பொருள், தொடக்க எழுத்து ஆகியவற்றைக் கொண்டு அதைச் சுருக்கலாம். தாயும் தந்தையும் தத்தம் கைப்பேசியில் தனித்தனியே விருப்பத்தைக் குறித்தால், இருவருக்கும் பிடித்தவை மட்டும் பொதுப்பட்டியலில் ஏறுகின்றன. யார் எதை ஒதுக்கினார் என்பது மற்றவருக்குத் தெரிவதில்லை. வீண் மனத்தாங்கலுக்கு இடம் வைக்காத நல்ல ஏற்பாடு இது.

சிக்கல் நீளத்தில் தொடங்குகிறது. ஐந்தெழுத்துக்கு மேற்படாத பெயர்கள் போதும் என்று குறித்தேன். ஐந்தே எழுத்துள்ள ‘கயல்விழி’ பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. கணினியில் எழுத்துகளைப் பதியும் யூனிகோடு முறையில் ‘வி’ என்னும் ஓர் எழுத்து, வகரத்துக்கு ஒன்றும் இகரக் குறிக்கு ஒன்றுமாக இரண்டு குறியீடுகளாகப் பதிவாகிறது; மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனிக் குறியீடு உண்டு. செயலி எழுத்தை எண்ணாமல் இந்தக் குறியீடுகளை எண்ணுவதால் கயல்விழி அதன் கணக்கில் எட்டெழுத்தாகிவிடுகிறது. இரண்டெழுத்துள்ள யாழும் நிலாவும், மூன்றெழுத்துள்ள மலரும் அதற்கு ஒன்றுபோல நான்கெழுத்துப் பெயர்களே. தமிழைக் கையாள்வதாக விளம்பரம் செய்யும் ஒரு செயலியில் இப்படி ஒரு பிழை இருப்பதை மன்னிப்பது கடினம்.

எழுத்தைச் சரியாக எண்ணியிருந்தாலும் அது மட்டும் போதாது என்பதே இச்செயலியைப் பற்றிய என் முதன்மையான குறை. குட்டிப் பெயருக்குத் துணை தேடும்போது பார்க்க வேண்டியது அசை, அதாவது யாப்பில் நேர், நிரை என்று பிரிக்கப்படும் ஒலிக்கூறு. நிலா, மீரா இரண்டும் இரண்டெழுத்துப் பெயர்கள்தாம். ஆனால் குறிலும் நெடிலும் இணைந்த நிலா ஒரே நிரையசை, இரண்டு நெடில்கள் அடுத்தடுத்து வரும் மீரா நேரும் நேருமாக இரண்டசை. எனவே ஒன்றுக்குப் பொருந்தும் நடுப்பெயர் மற்றொன்றுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. நிலாவுக்குப் பின் ‘கனி’ என்ற ஓரசைப் பெயரை வைத்தால், இரண்டும் ஒட்டிக்கொண்டு நிலாக்கனி என்று ஒரே பெயராகக் காதில் விழுகிறது. ‘தமிழரசி’ போன்ற மூவசைப் பெயரை வைத்தால் நிலா தனித்து நின்று, நடுப்பெயர் அதன் பின்னால் நிதானமாக விரிகிறது. மீராவுக்குப் பின் ‘சீதா’ வந்தால் நான்கு நெடில்களும் ஒரே எடையில் விழுவதால் எது முதற்பெயர் என்றே தெரியாமல் போகிறது. ‘மீரா கயல்விழி’ என்னும்போதோ நடை சட்டென்று நேரிலிருந்து நிரைக்கு மாறிப் பெயருக்கு ஓர் ஓட்டம் கிடைக்கிறது. செயலி ‘மீரா சீதா’வுக்குத்தான் கூடுதல் நட்சத்திரம் அளித்தது, இரண்டும் ஒரே நீளம் என்ற காரணத்தால்.

பெயர்கள் சந்திக்கும் இடத்தையும் அது கவனிப்பதில்லை. யாழுக்கு அது முதலிடத்தில் பரிந்துரைத்த பெயர் இனியா. எழுதிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. சற்று வேகமாக அழைத்தால் ழகர மெய்யின்மேல் இகரம் ஏறி ‘யாழினியா’ என்றாகி, கேட்பவர் குழந்தையின் பெயரை யாழினி என்றே எண்ணிக்கொள்வார். நிலாவோடு ஆதிரையைச் சேர்த்தால் இடையில் வகரம் புகுந்து ‘நிலாவாதிரை’ ஆகிறது. ‘நிலா லாவண்யா’விலோ லாகாரம் இரண்டு முறை அடுத்தடுத்து வந்து திக்குவதுபோல ஒலிக்கிறது. பெயரை உரக்கப் படித்துக் காட்டும் பொத்தான் ஒன்று இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு பெயருக்கும் இடையில் நன்றாக நிறுத்திப் படிப்பதால், நாம் கேட்க வேண்டிய அந்த ஒட்டுதலே கேட்பதில்லை. குட்டிப் பெயர் உயிரெழுத்தோசையில் முடிந்தால் நடுப்பெயர் மெய்யொலியில் தொடங்குவதும், மெய்யில் முடிந்தால் நடுப்பெயர் உயிரில் தொடங்காமல் இருப்பதும் நல்லது. இந்த ஒரு விதியை நிரலில் சேர்த்திருந்தாலே பட்டியலில் பாதிச் சங்கடம் தீர்ந்திருக்கும்.

பொருள் பொருத்தம் என்ற வசதியைத் தொடாமல் இருப்பதே நலம். நிலாவுக்கு அது மதி, சந்திரிகா என்று அடுக்கிக்கொண்டே போகிறது. ஒரு குழந்தைக்கு ஒரு நிலவு போதாதா?

புகழ்பெற்றவர்களின் முழுப்பெயர்களைத் தொகுத்துள்ள பகுதி எதிர்பாராத அளவுக்குப் பயனுள்ளதாக இருந்தது. 1992-இல் விண்வெளி சென்ற மே கேரல் ஜெமிசனின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: முதற்பெயரில் ஓர் உயிரொலி, நடுப்பெயரில் இரண்டு, குடும்பப் பெயரில் மூன்று எனப் படிப்படியாக நீள்கிறது. குட்டி முதற்பெயருக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி எனக்குத் தோன்றவில்லை. 1815-இல் பிறந்த ஆகஸ்டா ஏடா பைரனின் பெயர் வேறொரு வழியைக் காட்டுகிறது. அவர் கணினி வரலாற்றில் ஏடா லவ்லேஸ் என்றே அறியப்படுகிறார். அதாவது நீளமான பெயர் முன்னால் நிற்க, நடுவிலிருந்த குட்டிப் பெயரே அழைக்கும் பெயராக நிலைத்தது. முதற்பெயரையும் நடுப்பெயரையும் இடம் மாற்றிப் பார்க்கும் இந்த எளிய யோசனைக்குச் செயலியில் இடமில்லை; மாற்ற விரும்பினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி உள்ளிட வேண்டும். ஓரெழுத்து நடுப்பெயரையும் அது ஏற்பதில்லை. அமெரிக்க அதிபராக இருந்த ஹாரி எஸ். ட்ரூமனின் பெயரில் நிற்கும் அந்த ‘எஸ்’ எந்தப் பெயரின் சுருக்கமும் அன்று. இரண்டு தாத்தாக்களின் பெயர்களிலும் அவ்வெழுத்து இருந்ததால் இருவரையும் நிறைவுசெய்ய வைக்கப்பட்டது. இரு குடும்பங்களும் தத்தம் பெயருக்காக மல்லுக்கட்டும் வீடுகளில் இது கைகொடுக்கும்.

என்னை முழுமையாக நிறைவு செய்தது ஆவண முன்னோட்டம். கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தில், கீழே இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒவ்வொரு வரிக்கும் 44 இடங்கள். முதல் வரியில் பெயருக்குக் கிடைப்பவை 39. அங்கே நடுப்பெயருக்குத் தனி இடம் கிடையாது. குடும்பப் பெயர் முதலில் வர, இரண்டு இடைக்குறிகளுக்குப் (<<) பின் முதற்பெயரும் நடுப்பெயரும் ஓர் இடைக்குறியால் பிரிக்கப்பட்டுத் தொடர்கின்றன. தமிழில் ஏழே எழுத்துகளில் அடங்கும் ‘யாழ் கயல்விழி’, ழகரத்துக்கு இரண்டிரண்டு ரோமன் எழுத்துகள் செலவாவதால், நடுவிலுள்ள இடைக்குறியையும் சேர்த்து 15 இடங்களை எடுத்துக்கொள்கிறது. குடும்பப் பெயருக்கு எஞ்சுபவை 22. அதைத் தாண்டினால் பெயர் வெட்டுப்படும் என்பதைச் செயலி சிவப்பு நிறத்தில் காட்டிவிடுகிறது. மூன்று பெயர்களின் தலைப்பெழுத்துகள் சேர்ந்து ஏதேனும் அசிங்கமான சொல்லாகிறதா என்றும் பார்த்துச் சொல்கிறது. நிலா என்பதும் நீலா என்பதும் ரோமன் எழுத்தில் ஒன்றுபோலவே எழுதப்படக்கூடும் என்ற எச்சரிக்கையையும் இங்கே சேர்த்திருக்கலாம்.

கட்டணப் பதிப்பில் விளம்பரங்கள் மறைகின்றன, பட்டியலை அச்சிட முடிகிறது. பரிந்துரைகளின் தரத்தில் மாற்றமில்லை. ஆகவே இலவசப் பதிப்பில் இருவரின் பொதுப்பட்டியலையும் ஆவண முன்னோட்டத்தையும் பயன்படுத்திக்கொண்டு, நட்சத்திரங்களைப் பொருட்படுத்தாமல், தேறிய பெயர்களை அடுத்த அறையிலிருக்கும் ஒருவரைக் கூப்பிடும் வேகத்தில் சொல்லிப் பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன்.