எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

டிரெட்மில்லில் 40 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு இறங்கினேன். திரை 340 கலோரி என்றது. கையில் இருந்த வாட்ச் 262 என்றது. இரவு செயலியைத் திறந்தால், அது வாட்சின் எண்ணை எடுத்து அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் 262 கலோரியைக் கூட்டி வைத்திருந்தது. என் எடை 68 கிலோ. அந்த வேகத்துக்கு நானே பேப்பரில் கணக்குப் போட்டால் 150 கலோரிதான் வந்தது. ஒரே நடைக்கு மூன்று எண்கள். எதை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டுவது?

எடை குறைக்க முயல்கிறவர்கள் எப்படியும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். எரித்ததை முழுக்கச் சாப்பிடலாம் என்பது ஒரு கட்சி. ஒரு கலோரிகூடத் தொடக்கூடாது என்பது எதிர்க்கட்சி. பாதியைச் சாப்பிடு என்று நடுவில் சிலர். பயிற்சியைத் தனியாக எண்ணவே வேண்டாம், சராசரியில் சேர்த்துவிடு என்பது நான்காவது வழி. நான்கு பேரும் அவரவர் அனுபவத்தில் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு நாளுக்கு இவ்வளவு கலோரி சாப்பிடலாம் என்ற எந்த இலக்கு எண்ணை வைத்துப் பேசுகிறோம் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. குழப்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் இலக்கு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான கணிப்பான்கள் 1990-இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. எடை, உயரம், வயது, பாலினம் ஆகியவற்றை வைத்து, உடல் சும்மா படுத்திருந்தாலே செலவாகும் கலோரியை அது தருகிறது. அதை ஒரு காரணியால் பெருக்குவார்கள். உட்கார்ந்தே வேலை என்றால் 1.2, லேசான பயிற்சி என்றால் 1.375, மிதமான பயிற்சி என்றால் 1.55.

இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. மைஃபிட்னஸ்பால் போன்ற செயலிகள் நீங்கள் பயிற்சியே செய்யாத நாளுக்கான இலக்கைக் கொடுத்துவிட்டு, பயிற்சி செய்யும்போது அதைத் தனியாகக் கூட்டுகின்றன. அந்த முறையில் திரும்பச் சாப்பிடுவது திட்டத்தின் ஒரு பகுதி. மற்ற பல கணிப்பான்களில் 'வாரம் 3–5 நாள் பயிற்சி' என்று நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த நொடியிலேயே பயிற்சி இலக்குக்குள் போய்விட்டது. அதற்கு மேல் சாப்பிட்டால் ஒரே நடையை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். 35 வயதுப் பெண், 70 கிலோ, 160 செ.மீ. சூத்திரப்படி ஓய்வுச் செலவு 1,364 கலோரி. 1.2-ஆல் பெருக்கினால் 1,637. நாளுக்கு 400 குறைத்தால் இலக்கு 1,237. வாரம் 5 நாள், 45 நிமிடம் வேகநடை. அதற்கு உண்மையில் கூடுதலாகச் செலவாவது ஒரு தடவைக்கு ஏறக்குறைய 173 கலோரி. வாட்ச் 300 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நடையையும் சேர்த்து, வாரச் சராசரியில் அவருடைய உண்மையான செலவு நாளுக்கு 1,761. எதுவும் திரும்பச் சாப்பிடாவிட்டால் பற்றாக்குறை, அதாவது செலவுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள இடைவெளி, 524. வாட்ச் சொன்ன 300-ஐயும் முழுக்கச் சாப்பிட்டால் 310. பாதி சாப்பிட்டால் 417. அதாவது, திட்டமிட்ட 400-க்குப் பக்கத்தில் வந்து நிற்பது பாதிதான். நான்காவது வழியில், லேசான பயிற்சிக்கான 1.375-ஆல் பெருக்கி 400 குறைத்தால் இலக்கு 1,476, பற்றாக்குறை 285. வாட்சை நம்பி முழுக்கச் சாப்பிட்டவரின் சராசரி 1,451. இரண்டுக்கும் வித்தியாசம் 25 கலோரி! எதிரெதிராகப் பேசும் இரண்டு முறைகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் முடிகின்றன. ஒருவர் நடந்த நாளில் அதிகம் சாப்பிடுகிறார், மற்றவர் ஏழு நாளும் சமமாகச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

இப்போது ஐந்தாவது ஆளைப் பாருங்கள். 1,476 இலக்கையும் எடுத்துக்கொண்டார், வாட்ச் சொன்ன 300-ஐயும் சாப்பிட்டார். சராசரி 1,690. பற்றாக்குறை வெறும் 71. ஒரு மாதம் முழுக்க நடந்து, ஒவ்வொரு வேளையும் அளந்து சாப்பிட்டு, கால் கிலோ சொச்சம்தான் குறையும். தராசில் அது கண்ணுக்கே தெரியாது. 'எல்லாம் சரியாகச் செய்தேன், எடை இறங்கவே இல்லை' என்று கண்ணில் நீரோடு சொல்கிறவர்களில் பலர் இந்த இரட்டைக் கணக்கில்தான் மாட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களிடம் ஒழுக்கம் குறைவு என்று சொல்வது அநியாயம்.

முழுக்கச் சாப்பிடுவது

கொள்கை அளவில் இதுதான் மிகச் சுத்தமான முறை. பற்றாக்குறை எல்லா நாளும் ஒரே அளவில் இருக்கும், பயிற்சி நாளில் பசி வாட்டாது. சிக்கல் எண்ணில்தான்.

2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரின் மணிக்கட்டில் ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லின. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். துடிப்பை வைத்துக் கலோரியை ஊகிப்பது எப்போதுமே சிரமம். வெயில், பதற்றம், தூக்கமின்மை, ஒரு கப் காபி என எது வேண்டுமானாலும் துடிப்பை ஏற்றிவிடும். பளு தூக்கும்போது துடிப்பு எகிறும், ஆனால் ஆற்றல் செலவு அந்த அளவுக்கு ஏறாது.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. அந்த 45 நிமிடம் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் ஐம்பது கலோரி போல எப்படியும் செலவாகியிருக்கும், அது ஏற்கெனவே 1,637-க்குள் இருக்கிறது. பல இயந்திரங்கள் அதையும் சேர்த்து மொத்தமாகக் காட்டுகின்றன. நான் ஏறிய டிரெட்மில் என் எடையைக்கூடக் கேட்கவில்லை. யாரோ ஒருவருடைய எடையை மனதில் வைத்து 340 என்றது.

கையாலேயே கணக்குப் போட ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஓட்டம் என்றால், ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, கிட்டத்தட்ட ஒரு கலோரி. 60 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 300. நடை என்றால் அதில் ஏறக்குறைய பாதி. துல்லியம் இல்லைதான், ஆனால் ஆளைப் பார்க்காமல் எண் சொல்லும் இயந்திரத்தைவிட இதை நான் நம்புவேன்.

இன்னொரு விஷயம். கூடுதலாக 100 கலோரி எரித்தால் நாளின் மொத்தச் செலவு 100 கூடிவிடுவதில்லை. 2021-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, 1,754 பேரின் அளவீடுகளைப் பார்த்து, சராசரியாக 28 சதவீதத்தை உடல் வேறெங்கோ மிச்சப்படுத்திக்கொள்கிறது என்று கணக்கிட்டது. உடலில் கொழுப்பு அதிகம் உள்ளவர்களிடம் இந்த மிச்சப்படுத்தல் இன்னும் அதிகம். நீண்ட நடைக்குப் பிறகு மாலை முழுக்கச் சோபாவில் சாய்ந்துவிடுகிறோமே, அதுவும் இதில் ஒரு பங்குதான். நம் உதாரணப் பெண்ணின் 173-இல் 28 சதவீதத்தைக் கழித்தால் மிஞ்சுவது 125. வாட்ச் சொன்னது 300.

தொடவே கூடாது என்பது

குறைவான பயிற்சிக்கு இது நல்ல வழி, எளிய வழியும்கூட. நாம் சாப்பிட்டதைக் குறைத்தே எழுதுகிறோம் என்பதால், பயிற்சிக் கலோரியை விட்டுவைப்பது அந்தப் பிழைக்கும் கொஞ்சம் இடம் தருகிறது. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன ஒரு சிறிய குழுவைச் சோதித்தார்கள். அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். மனிதக் கண்ணளவு அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் பயிற்சி பெரிதாகும்போது இதே வழி ஆபத்தாகிவிடுகிறது. என் தங்கை அரை மாரத்தானுக்குத் தயாரான மாதங்களில் இந்தக் கொள்கையைக் கடுமையாகப் பிடித்துக்கொண்டாள். முதல் மாதம் எடை நன்றாக இறங்கியது. மூன்றாவது மாதம் ஒருநாள், "அக்கா, படியேறினாலே கால் நடுங்குது. பீரியட்ஸ் வந்தே ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள். கைகள் எப்போதும் சில்லென்று இருந்தன. மருத்துவர் முதலில் கேட்டதே, என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு ஓடுகிறாய் என்றுதான்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்த நிலைக்கு ஒரு பெயர் கொடுத்தது: விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு. அதை அளக்க, சாப்பிட்டதிலிருந்து பயிற்சிச் செலவைக் கழித்து, மிச்சத்தைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். இளம் பெண்களிடம் நடந்த ஆய்வுகளில், அது கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே இறங்கியபோது மாதவிடாயை இயக்கும் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்கின. 60 கிலோ எடையில் கொழுப்பு நீங்கலாக 45 கிலோ இருக்கும் ஒருவர் 20 கிலோமீட்டர் ஓடினால் செலவு சுமார் 1,200. அன்று அவர் 1,700 மட்டும் சாப்பிட்டால் உடலின் மற்ற வேலைகளுக்கு மிஞ்சுவது 500, அதாவது கிலோவுக்கு 11. முப்பதைத் தொட வேண்டுமானால் அன்று 2,550 சாப்பிட வேண்டும். ஒரு நாள் இப்படி ஆனால் உடல் தாங்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் நோய் எதிர்ப்பும் சேர்த்தே பாதிக்கப்படும். ஆண்களுக்கும் இது வருகிறது. ஆனால் மாதவிடாய் போல வெளிப்படையான அறிகுறி இல்லாததால் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

தங்கை திரும்பச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் ஓட்டத்தின் வேகமும் திரும்பியது.

பாதியும் சராசரியும்

பாதி என்பது அறிவியல் விதி இல்லை, வசதியான ஒரு தோராயம். வாட்ச் கூட்டிச் சொல்வதையும் உடல் மிச்சப்படுத்துவதையும் சேர்த்தால் பாதிக்குப் பக்கத்தில் வருவதால் பலருக்குப் பொருந்திவிடுகிறது. உங்கள் வாட்ச் குறைத்துக் காட்டும் வகையாக இருந்தால் பொருந்தாது.

சராசரி முறை, வாராவாரம் ஒரே மாதிரி பயிற்சி செய்பவருக்குத்தான். தினமும் எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. 'நடந்தால்தான் சாப்பாடு' என்ற பேரம் மனதில் நுழையாது. சாப்பாட்டைச் சம்பாதிக்க வேண்டிய ஒன்றாக நினைக்கத் தொடங்கினால் அது எளிதில் விடாது. உணவுப் பழக்கக் கோளாறு முன்பு இருந்தவர்கள் இந்தக் கணக்குகள் எதிலும் இறங்காமல் மருத்துவரோடு பேசுவதே நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அப்படியே.

நான் இப்போது செய்வது

அன்றாட நடையும் லேசான பளுப் பயிற்சியும் என் இலக்குக்குள்ளேயே இருக்கின்றன, தனியாக எழுதுவதில்லை. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் நாள்களில் மட்டும், கிலோமீட்டர் கணக்குப் போட்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சாப்பிட்டுவிடுகிறேன். பெரும்பாலும் மாவுச்சத்தாக, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும்.

சரியா தவறா என்று சொல்வது தராசுதான், அதுவும் ஒரு நாள் எடை அல்ல. தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து) மூன்று கிராம் போலத் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது. உப்பும் மாதவிடாய்ச் சுழற்சியும் ஒரு கிலோவை ஏற்றி இறக்கிவிடும். அதனால் ஏழு நாள் சராசரியை எழுதி, நான்கு வாரம் பார்க்கிறேன். எதிர்பார்த்ததைவிட மெதுவாக இறங்கினால் நாளுக்கு 100 கலோரி குறைக்கிறேன். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்கினால், அல்லது தூக்கம் கெட்டுச் சோர்வு வந்தால், 150 கூட்டுகிறேன்.

வாட்சைக் கழற்றவில்லை. அதன் முகப்பிலிருந்து கலோரியை மட்டும் எடுத்துவிட்டேன். இப்போது அங்கே நேரமும் இதயத் துடிப்பும் இருக்கின்றன.