சோலைப் பறவைகளின் உறவுமுறை: மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவா, உட்கரு டிஎன்ஏவா?

நீலகிரியின் அவலாஞ்சிச் சோலைகளிலும் கொடைக்கானலின் பாம்பார் சோலையிலும் தரையோரப் புதர்களில் பாடித் திரியும் நீலநிறச் சிறுபறவைகள் ஒரே குடும்பச் சாயலைக் கொண்டிருந்தாலும், அவற்றுக்கு நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. இவை ஒரே இனமா, வேறு வேறா, பிரிந்து எவ்வளவு காலமாயிற்று, இவற்றுக்கு நெருங்கிய உறவு எந்தப் பறவைகள் ஆகிய கேள்விகளுக்கு விடை தேட, செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டிஎன்ஏ, செல்லின் உட்கருவில் உள்ள டிஎன்ஏ என்னும் இரண்டு வழிகள் உள்ளன. எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், ஆய்வகத்தில் செய்த உழைப்பு வீணாகக்கூடும்.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ சுமார் 17,000 எழுத்துகளும் 37 மரபணுக்களும் மட்டுமே கொண்ட சிறிய வளையம். ஒவ்வொரு செல்லிலும் அதற்குப் பல பிரதிகள் இருப்பதால், ஓர் இறகின் வேரிலிருந்தும், அருங்காட்சியகத்தில் நூறாண்டுக்கு மேல் கிடந்த பதப்படுத்திய பறவையின் கால்விரல் தோலிலிருந்தும்கூட அதைப் படித்துவிட முடிகிறது. பறவையைப் பிடித்து இரத்தம் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டியிருக்கும் நம் மலைகளில் இது சிறிய வசதியன்று. மேலும், அது தாயிடமிருந்து மட்டுமே வருவதாலும், பெற்றோர் இருவரின் டிஎன்ஏவும் கலந்து மாறும் நிகழ்வு அதில் பெரும்பாலும் இல்லாததாலும், பிரிந்துபோன கூட்டங்கள் உட்கரு மரபணுக்களைவிட விரைவாகத் தனித்தனிக் கிளைகளாகத் தெளிகின்றன. கணவாயின் இருபுறமும் பிளவு உண்டா என்று முதலில் பார்க்க இதைவிட மலிவான, கூர்மையான கருவி கிடையாது என்பது என் கருத்து.

ஆனால் அதன் வலிமையே அதன் குறையும் ஆகிறது. தாய்வழியை மட்டும் எழுதி வைத்த குடும்ப வரலாற்றைப் போல, அது எவ்வளவு நீண்டதாயினும் ஒரே ஒரு மரபுவழியின் கதையைத்தான் சொல்கிறது. வட அமெரிக்காவின் பொன்சிறகு, நீலச்சிறகு வார்ப்ளர்கள் என்னும் இரு சிறுபறவை இனங்கள் இதற்குத் தெளிவான சான்று. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் அவை 3 முதல் 4 சதவீதம் வேறுபட்டு, நெடுங்காலம் முன்பே பிரிந்தவையாகத் தோன்றின. ஆனால் 2016இல் வெளிவந்த முழு மரபுத்தொகை ஆய்வில், உட்கரு டிஎன்ஏவில் வெறும் ஆறு பகுதிகளே தெளிவாக வேறுபட்டன. மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் நம்பியிருந்தால் அவ்விரு பறவைகளின் உறவைப் பெரிதும் பிழையாகக் கணித்திருப்போம்.

பறவைகளுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பாலூட்டிகளைப் போலன்றிப் பறவைகளின் இரத்தச் சிவப்பணுக்களில் உட்கரு இருக்கிறது, அதனால் இரத்த மாதிரியில் உட்கரு டிஎன்ஏ மிகுதி. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எப்போதோ உட்கருவுக்குள் புகுந்துவிட்ட பழைய துண்டுகள் இரத்த மாதிரியில் உண்மையான வரிசையோடு கலந்து ஏமாற்றக்கூடும். இயன்றால் தசைத் திசு மாதிரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

உட்கரு டிஎன்ஏ மெதுவாக மாறுவதால் அண்மைப் பிரிவுகளில் ஒரே ஒரு மரபணுவைக் கொண்டு முடிவுக்கு வர இயலாது. எனவே பல மரபணுக்கள் தேவைப்படும், செலவும் கூடும். ஆனால் தொன்மையான உறவுகளுக்கு அது இன்றியமையாதது. பாடும் பறவைகளின் தொடக்கம் ஆஸ்திரேலியப் பகுதியில் நிகழ்ந்தது என்ற முடிவை உறுதிப்படுத்தியதில் உட்கரு மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வேகமாக மாறும் மைட்டோகாண்ட்ரியாவில் அவ்வளவு பழைய தடயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அழிந்து மங்கிவிடுகின்றன.

நம் சோலைப் பறவைகளின் வழக்கில் இரண்டும் சேர்ந்தே தீர்ப்பைத் தந்தன. வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் இருவகை டிஎன்ஏவோடு உடலளவு, நிறம், பாட்டு ஆகியவற்றையும் ஒப்பிட்டு, இந்த நீலப்பறவைகளுக்கு ஷோலிகோலா, சோலைச் சிரிப்பான்களுக்கு மான்டெசின்க்லா என்னும் இரு புதிய பேரினங்களை (நெருங்கிய இனங்களின் தொகுதிகளை) நிறுவினர். நீலகிரியின் நீலப்பறவை ஷோலிகோலா மேஜர் எனவும், பழனி மலையினது ஷோலிகோலா அல்பிவென்ட்ரிஸ் எனவும் தனித்தனியே நிற்கின்றன. சிரிப்பான்களிலும் கணவாய்க்கு வடக்கே ஒரு கிளை, தெற்கே வேறு கிளை. முன்பு வேறு பேரினங்களில் மாறிமாறி வைக்கப்பட்ட ஷோலிகோலா, ஆசிய நீல ஈப்பிடிப்பான்களுக்கு நெருக்கமானது என்பதும் தெளிவாயிற்று.

பழனி மலையில் இப்போது எழும் கேள்வியோ வேறு. சீகை, யூகலிப்டஸ் தோட்டங்களாலும் கட்டடங்களாலும் துண்டான சோலைகளுக்கு இடையே சென்ற நூறு, இருநூறு ஆண்டுகளில் பறவைகளின் போக்குவரத்து குறைந்ததா என்பதற்கு மைட்டோகாண்ட்ரியா விடை சொல்லாது, அவ்வளவு குறுகிய காலத்தில் அதில் போதிய மாற்றம் சேர்வதில்லை. உட்கரு டிஎன்ஏ பொதுவாக மெதுவாக மாறினாலும், அதில் மைக்ரோசாட்டிலைட் என்னும், சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் வேகமாக மாறுகின்றன. அங்கே அத்தகைய உட்கருக் குறியீடுகளையே நாட வேண்டும்.