ஆர்டர் பையில் வேரியபிள்: பல போகம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மன்னார்குடி நண்பர் நேற்று கேட்டார்: "அண்ணே, எந்தத் தலைப்பைத் தட்டுறாங்களோ அந்த வரிசையில ரிப்போர்ட் வரணும். வரிசையைச் சொல்ற ஆர்டர் பை (ORDER BY) இடத்துல வேரியபிளைப் போட்டா 1008-னு எரர் அடிக்குது. நீங்க எப்படிப் பண்றீங்க?"

கேஸ் (CASE: எந்த மதிப்பு வந்தால் எதை எடுப்பது என்று சொல்லும் நிபந்தனை) போட்டுத்தான். கும்பகோணம் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு எழுதிக் கொடுத்த நெல் கொள்முதல் பதிவேடு, குறுவை, சம்பா, தாளடி என மைக்ரோசாஃப்ட் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரில் இப்படித்தான் ஓடுகிறது. குறை சொல்லக்கூடாது, அறுவடை நெரிசலில்கூட நின்றதில்லை. பயனர் தருவது வெறும் மதிப்பாகவே போவதால், அதற்குள் கட்டளையைத் திணித்து ஏமாற்றும் இன்ஜெக்‌ஷன் பயமும் இல்லை.

ஆனால் அந்த டேட்டா டைப் (தகவல் வகை) இருக்கிறதே! தேதி, எடை, விவசாயி பெயர் மூன்றையும் ஒரே கேஸுக்குள் வைத்தால், மொத்தத்துக்கும் ஒரே டைப்தான். முன்னுரிமை தேதி வகையான டேட்டைமுக்கு. தேதியைத் தட்டினால் சரியாக வரும். பெயரைத் தட்டினால் 'கோவிந்தசாமி'யைத் தேதியாக மாற்றப் பார்த்து, முடியாமல் சிவப்பில் கத்தும். எடையைத் தட்டினால்தான் வேடிக்கை: 1842 கிலோவை சத்தமில்லாமல் 1905 ஜனவரி 17 ஆக்கிக்கொண்டு வரிசைப்படுத்தும். 1900 ஜனவரி 1-இலிருந்து அத்தனை நாள் என்று கணக்கு! வரிசை பிசகாததால் ஒருவர் கண்ணிலும் படாது.

டைப்புக்கு ஒரு கேஸ் என்று பிரித்தால் தீர்ந்தது. தீர்ந்ததா? ஏறுவரிசை, இறங்குவரிசையை வேரியபிளில் கொடுக்க முடியாது. ஆக ஒவ்வொன்றும் இரட்டை. மூன்று தலைப்புக்கு ஆறு கேஸ். ஈரப்பதத்துக்கும் வரிசை வேண்டும் என்றார் கணக்கர், எட்டு. கடைசியில் ரசீது எண்ணையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஒரே தேதி வரவுகள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பதிவுகள் பெருகி வேகம் குறைந்தால் வினவலின் கடைசியில் ஆப்ஷன் ரீகம்பைல். வேண்டாத கேஸ் கிளைகளைக் கழித்துவிடும், பதிலுக்கு ஒவ்வொரு முறையும் வினவலை ஓட்டும் பிளானைப் புதிதாகப் போடும்.

இத்தனை நாள் சோறு போட்ட முறைதான். இருந்தாலும் அடுத்த ரிப்போர்ட்டுக்குத் தொடமாட்டேன். டைனமிக் எஸ்க்யூஎல்தான், அதாவது வினவலையே ஓடும்போது எழுத்தாகக் கட்டி ஓட்டுவது: அனுமதித்த ஃபீல்டு பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு, குவோட்நேமில் (QUOTENAME: பெயரை அடைப்புக்குறிக்குள் வைக்கும் ஃபங்ஷன்) சுற்றி, கட்டிய வினவலை ஓட்டும் எஸ்பி எக்ஸிக்யூட் எஸ்க்யூஎல்லிடம் (sp_executesql) கொடுப்பது. ஏறுவதா இறங்குவதா என்பதையும் நம் கோடே எழுதவேண்டும். பயனர் அனுப்பியதை அப்படியே ஒட்டக்கூடாது.

மன்னார்குடிக்காரரே, உங்களுக்கு இரண்டே தலைப்பு என்றால் கேஸே போதும். மூன்றாவதை யாராவது கேட்டால் போன் பண்ணுங்கள்.