ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இரண்டு ஃபேன்: ஒரு கோடை முழுக்க ஓட்டிப் பார்த்தாயிற்று

முந்தின நாள் வாங்கி வைத்த பால் அடுப்பில் ஏறியதும் திரிந்தது. கேம்பர் வேனின் (கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் பயண வண்டி) ஃபிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 13 டிகிரி. குமிழோ ஏற்கெனவே கடைசி எண்ணில்தான் இருந்தது. "இது செத்துப்போச்சு, கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வாங்கிடலாம்" என்று வீட்டுக்காரர் போனில் படம் காட்டத் தொடங்கிவிட்டார். அதற்கு முன் இதையும் பார்த்துவிடலாமே என்று நான் வாங்கியதுதான் இந்த ஃபேன் செட்.

எங்களுடையது அப்ஸார்ப்ஷன் வகை. அதில் மோட்டார் கிடையாது. கேஸ் தீயோ மின்சார ஹீட்டரோ அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கும். அம்மோனியா ஆவியாகி மேலே போய், பின்பக்கத் தகடுகளில் சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாக வேண்டும். வேனின் வெளிச்சுவரில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மேலும் கீழும் சல்லடை இருக்கும். கீழ்ச் சல்லடை வழியாக வரும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வெளியேறும், புகைபோக்கி மாதிரி. வெளியே 39 டிகிரி, அந்தப் பக்கச் சுவரில் நேர் வெயில் என்றால் காற்று அசையவே அசையாது. சூடு போக வழியில்லாமல் உள்ளே எப்படிக் குளிரும்?

செட்டில் 120 மில்லிமீட்டர் அளவில் இரண்டு 12 வோல்ட் ஃபேன், ஒரு தகரப் பட்டை, சூடேறினால் தானே போட்டுக்கொள்ளும் ஒரு சுவிட்ச். கேஸை அணைத்து, எல்லாம் ஆறிய பிறகு மேல் சல்லடையைக் கழற்றி, தகடுகளுக்கு மேலே காற்று மேல்நோக்கிப் போகும்படி மாட்டினேன். ஃபேன் மாட்ட அரை மணி நேரம். புகைக்குழாயில் படாமல் வயரைச் சுற்றிக் கொண்டுபோக ஒன்றரை மணி நேரம். சுவிட்சைச் சுவரில் ஒட்டச் சொல்கிறது காகிதம். ஒட்டினேன். சாயங்காலம் வரை ஃபேன் சுற்றவே இல்லை. பிடுங்கித் தகட்டிலேயே கவ்வ வைத்ததும் பத்து நிமிடத்தில் சுற்றியது. இதை எழுதியவர் ஒரு முறையாவது மாட்டிப் பார்த்தாரா தெரியவில்லை.

சல்லடையைத் திறந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. தகடுகளுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காற்று தகட்டைத் தொடாமலே அந்தச் சந்து வழியாக நழுவிப்போகிறது. ஓர் அலுமினியத் தகட்டை வளைத்து, காற்றைத் தகடுகள் பக்கம் திருப்பிவிட்டேன். செட்டில் இது கிடையாது, இருந்திருக்க வேண்டும்.

மறுநாளும் அதே 39 டிகிரி வெயில். மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே 5. எல்லாம் அலுமினியத் தகட்டின் வேலையோ என்று சந்தேகம் வந்து, அதற்கடுத்த நாள் ஃபேன் வயரை மட்டும் கழற்றிவிட்டேன். 9 வரை ஏறியது. ஆக, இரண்டுக்கும் பங்கு உண்டு. 42 டிகிரி அடித்த ஒரு நாள் ஃபேன் ஓடியும் 7-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு ஃபேனும் சேர்ந்து அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை.

இலவசமாக வந்த, ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் குட்டி ஃபேன் எனக்குப் பிடிக்கவில்லை. மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் ஒரே குளிரில் வைக்கிறது, சரிதான். ஆனால் ஒரு பாட்டிலின் இடத்தை அடைத்துக்கொண்டு, பேட்டரி செல்லையும் தின்கிறது.

ஃபேன் இருக்கிறதே என்று வண்டியைச் சாய்வாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு ராத்திரி அப்படி நிறுத்தி, காலையில் 11 டிகிரியில் கண் விழித்தோம். உள்ளே திரவம் தானாக வழிந்துதான் திரும்ப வேண்டும், சாய்ந்தால் தேங்கிவிடும். நாள்கணக்கில் அப்படியே ஓட்டினால் குழாயே கெட்டுப்போகும். இப்போது நிறுத்தியதும் வீட்டுக்காரர் ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சக்கரத்தின் கீழ்ப் பலகை செருகுகிறார். ஃபிரிட்ஜ் பக்கம் மேற்கே பார்க்காமல் நிறுத்துவது என் பொறுப்பு. அப்புறம், கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜைப் போட்டுவிடுகிறோம். சூடான எதையும் உள்ளே வைப்பதில்லை.

இரண்டாம் மாதம் ஒரு ஃபேன் கடகடக்கத் தொடங்கியது. கட்டில் தலைமாட்டுக்கு நேர் பின்னால்! பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டித் திருகுக்கு அடியில் கொடுத்தேன், பாதி அடங்கியது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று அந்தச் சத்தத்துக்கு. கம்ப்ரசர் படத்தை அவர் இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை.