உத்திரமேரூர்க் கல்வெட்டு வாசிப்பு வகுப்பு: நான்கு சனிக்கிழமை மாலைகள்

சிங்கப்பூரின் தேக்கா பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில், நான்கு சனிக்கிழமை மாலைகளில் நடந்த கல்வெட்டு வாசிப்பு வகுப்புக்குச் சென்றுவந்தேன். கட்டணம் 120 வெள்ளி. எடுத்துக்கொண்ட கோயில், காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கப்பல் பட்டறை ஊழியர்கள், ஒரு தொடக்கக் கல்லூரி மாணவி என்று பன்னிரண்டு பேர் இருந்தோம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலைவிடப் பழைய கோயிலை அறியாமல் வளர்ந்தவள் நான். அது 1827இல் எழுந்தது. இங்கே மேசைமேல் விரித்துவைத்த எழுத்தோ அதற்கும் 900 ஆண்டுகள் முந்தியது.

ஆசிரியர் வரலாற்றுரை எதையும் நிகழ்த்தாமல், கல்வெட்டு எழுத்தின் படிநகலை ஆளுக்கொன்றாகக் கொடுத்து முதல் வரியை எழுத்துக்கூட்டச் சொன்னார். புள்ளி கிடையாது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது, நடுநடுவே வடசொற்களுக்கான கிரந்த எழுத்து. என் சுட்டுவிரல் ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றது. அடுத்திருந்த மாணவிதான் முதலில் கண்டுபிடித்தாள்: ‘மதிரை கொண்ட’. மதுரையைத்தான் அப்படி வெட்டியிருக்கிறார்கள், மதுரையை வென்ற பராந்தக சோழனின் பட்டம் அது என்று ஆசிரியர் சொன்னபோது, அந்த மன்னன் பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி மேசைக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது. இந்த வகுப்பின் பெருஞ்சிறப்பு இதுவே: சொல்லித் தருவதற்கு முன் நம்மையே படிக்கவைக்கிறார்கள்.

இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் முழுக்கக் குடவோலை முறைக்கே, அதாவது குடத்தில் இட்ட ஓலைகளை எடுத்து ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு (செயற்குழுக்களுக்கு) ஆள் தேர்ந்தெடுக்கும் முறைக்கே, சென்றன. அதற்கு அவ்வளவு நேரமும் தகும். கோயில் சுவரில் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அதாவது 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொன்னது நல்ல யோசனை. முதலாவதில் வாரிய உறுப்பினருக்கு வயது 30க்கு மேல் 60க்குள் என்றிருக்கிறது. இரண்டாண்டு கழித்து அதுவே 35க்கு மேல் 70க்குள் என மாறுகிறது. தாம் எழுதிய விதியைத் தாமே திருத்திக்கொண்ட சபை அது. கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட, இறை (வரி) செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. இந்த உறவுப் பட்டியலைப் படித்து முடித்தபோது அறையில் இருந்த பெரியவர் ஒருவர் தம்மையறியாமல் கைதட்டினார்.

ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஊரார் கூடியிருக்க, கோயில் அர்ச்சகர்களில் மூத்த நம்பி குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடிக்க, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துத் தருவான். அதை வாங்கும் மத்தியஸ்தர் (சபையின் நடுநிலை அலுவலர்) ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும் என்று கல்வெட்டே சொல்கிறது. எதையும் விரலிடுக்கில் மறைக்க முடியாதபடி! வகுப்பில் மாணவியைச் சிறுவனாக்கி, ஒரு பித்தளைச் செம்பை வைத்து இதைச் செய்துபார்த்தோம். ஓலைக்காக நான் கையை விரித்தபோது அந்த விதியின் பொருள் கைக்கே புரிந்தது. தேர்வான முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

விளம்பரத்தாளில் ‘உலகின் முதல் மக்களாட்சி’ என்று போட்டிருந்தார்கள். அது மிகை. நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்களின் சபை அது. பெண்களுக்கோ உழுதவர்களுக்கோ அதில் இடமில்லை. ஆசிரியர் இதை ஒளிக்காமல், கேட்பதற்கு முன்பே எடுத்துச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் மதிப்புக் கூடியது. விளம்பரத்தை எழுதியவர்களும் அவரைக் கேட்டே எழுதியிருக்கலாம்.

குறை நான்காம் வகுப்பில். கோயில் வழிபாட்டு மரபுகள் என்ற பெரிய பொருளை ஒன்றரை மணி நேரத்தில் அடைக்கப் பார்த்தார்கள். நந்தாவிளக்குக் கொடை பற்றிய பகுதி மட்டும் மனத்தில் நின்றது: ஒரு விளக்கு அணையாமல் எரிய 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவார்கள், அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும், மந்தையின் எண்ணிக்கையும் குறையக் கூடாது. ஆகவேதான் சோழர் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ (சாகாத, மூப்படையாத ஆடுகள்) என்று எழுதினார்கள். இவ்வளவு அழகான செய்தி பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. திருவிழாக்களைப் பற்றிப் படங்களை ஓட்டிக்காட்டியதோடு சரி.

படிநகல்களும் சரியில்லை. ஏ4 தாளில் சுருக்கி அச்சிட்டதால் எழுத்துகளின் வளைவுகள் மசியில் மூழ்கிவிட்டன. ஐம்பது வயதைத் தாண்டிய நாங்கள் கைப்பேசி வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருந்தது. கட்டணத்தில் பத்து வெள்ளி கூட்டியாவது பெரிய தாளில் அச்சிடட்டும். ஐந்தாவது வகுப்பு ஒன்றையும் சேர்க்கட்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும், கல்வெட்டு முன்னறிவு தேவையில்லை. அடுத்த சுற்றுக்கு என் தம்பியின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். போகிறவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.