முதுகுப்பையில் காப்ஸ்யூலா, சாப்பாடா?

அடுப்பு வேண்டாம், பாத்திரம் வேண்டாம், கழுவுகிற வேலை இல்லை. காலையில் நாலு காப்ஸ்யூல், மதியம் நாலு, இரவு நாலு. பல நாள் நடைக்கு மூட்டை கட்டும்போது இந்த யோசனை எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது. முதல் ஐந்து நாள் பயணத்துக்கு மல்டிவிட்டமின், மீன் எண்ணெய், அமினோ அமிலம் என்று மூன்று டப்பாக்களும், துணைக்குக் கரைத்துக் குடிக்கிற பவுடர் கொஞ்சமும் எடுத்துப் போனேன். அடுத்த முறை அதே ஐந்து நாளுக்கு உலர்ந்த உணவும் சின்ன அடுப்பும். இரண்டையும் சுமந்து பார்த்தாகிவிட்டது. நான் இப்போது உலர்ந்த உணவுக் கட்சி. அதை மறைத்துக்கொண்டு நடுநிலை வேஷம் போடப் போவதில்லை.

ருசி, சூடு, வயிறு நிறைந்த திருப்தி இதிலெல்லாம் சாப்பாடு ஜெயிக்கும். நேரமும் சுத்தமும் காப்ஸ்யூல் பக்கம். இதில் வாதாட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வாதாட வேண்டியது எடையைப் பற்றி. காப்ஸ்யூலைத் தேடிப் போகிறவர்கள் பை லேசாகும் என்று நம்பித்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன், கணக்குப் போடாமல்.

பையைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க ஏறி இறங்குகிறவருக்கு 3000 கலோரியாவது வேண்டும். குளிரும் ஏற்றமும் கூடினால் 4000ஐயும் தாண்டும். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும், மாவுச்சத்தும் புரதமும் 4. எந்தத் தொழிற்சாலையாலும் இதற்கு மேல் அழுத்திச் சுருக்க முடியாது. ஒரு கிராம் மீன் எண்ணெய் அடைத்த காப்ஸ்யூலில் இருப்பது சுமார் 9 கலோரி. 3000 வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 333 காப்ஸ்யூல். விழித்திருக்கிற 16 மணி நேரமும், மூன்று நிமிடத்துக்கு ஒன்று வீதம் விழுங்கிக்கொண்டே நடக்க வேண்டும். அதுவும் வெறும் எண்ணெய். வயிறு என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எண்ணெய் மட்டும் வேண்டாம், கொழுப்பு, மாவு, புரதம் மூன்றும் கலந்த பொடி என்றே வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 5 கலோரி வருகிற மாதிரி கலந்தால் 3000க்கு 600 கிராம் ஆகிறது. கடைகளில் கிடைக்கிற பெரிய காப்ஸ்யூல்களில் ஒன்றான 00 அளவில் முக்கால் கிராம் பொடி பிடிக்கும் என்று வைத்தால் 800 காப்ஸ்யூல். காலிக் கூடு ஒன்று ஏறக்குறைய 0.12 கிராம், 800 கூட்டுக்கு 96 கிராம். அதாவது அந்தப் பொடியை அப்படியே ஒரு பையில் கொட்டி ஸ்பூனால் அள்ளித் தின்பதைவிட, காப்ஸ்யூலில் அடைத்தால் தினமும் நூறு கிராம் கூடுதலாகச் சுமக்கிறோம். எடையைக் குறைக்கப் போய் எடையை ஏற்றிக்கொள்கிற வேலை.

அப்புறம் எப்படி ஒரே ஒரு மல்டிவிட்டமின் மாத்திரை ‘நாள் தேவை 100%’ என்று போட்டுக்கொள்கிறது? அது பொய்யில்லை, நாம்தான் தப்பாகப் படிக்கிறோம். வைட்டமின் சி நாளைக்கு 90 மில்லிகிராம் வாக்கில் போதும், பி12 வெறும் 2.4 மைக்ரோகிராம். இதெல்லாம் ஒரு மாத்திரைக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் வைட்டமினில் கலோரி கிடையாது. வண்டிக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டு பெட்ரோல் போட மறந்த கதைதான் என் முதல் பயணம்.

முதல் நாள் பறந்தேன். காரணம் காப்ஸ்யூல் இல்லை. ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாக ஏறக்குறைய 500 கிராம் சர்க்கரை சேமிப்பில் இருக்கும், அதில் 2000 கலோரி. அது தீர்ந்த பிறகுதான் வேஷம் கலையும். பவுடரையும் சேர்த்து நாளைக்கு 900 கலோரிதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மதியம், பெரிய ஏற்றம்கூட இல்லை, முட்டி நடுங்க ஆரம்பித்தது. இரவில் தூக்கப்பைக்குள் ஸ்வெட்டரோடு படுத்தும் குளிர் விடவில்லை. எரிக்க விறகு இல்லாத உடம்பு எதை வைத்துச் சூடேறும்? பக்கத்தில் நண்பன் பாத்திர மூடியைத் திறந்து ஆவியை ஊதிக்கொண்டிருந்தான். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவனிடம் எரிந்து விழுந்தேன். “டேய், பேசாம உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிடு” என்று ஸ்பூனை நீட்டினான். கால் மணி நேரத்தில் கோபம் போன இடம் தெரியவில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. நடைப்பயணத்தில் தண்ணீர் போதுமா என்று பார்க்க, சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கச் சொல்வார்கள் இல்லையா? எனக்குப் பளிச்சென்ற மஞ்சளாகவே போனது. தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்துக் குடித்துக்கொண்டே இருந்தேன், நிறம் மாறுவதாக இல்லை. மல்டிவிட்டமினில் இருக்கும் பி2 செய்கிற வேலை அது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. உப்பில்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் மேலே மேலே ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும். உணவு சாப்பிடுகிறவனுக்கு உப்பு தானாக உள்ளே போய்விடுகிறது; காப்ஸ்யூல்காரன் அதையும் தனியாக ஞாபகம் வைக்க வேண்டும்.

மீன் எண்ணெய் டப்பாவை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும் என்று பையின் மேல் பாக்கெட்டில் வைத்திருந்தேன். நாள் முழுக்க வெயில் அதன் மேல். சாயங்காலம் திறந்தால், ஜெலட்டின் கூடுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. கத்தி முனையால் பெயர்த்ததில் பாதி உடைந்தது. கத்தியிலும் விரலிலும் மீன் நாற்றம், ஊர் திரும்பும் வரை.

உலர்ந்த உணவு எங்கே ஜெயிக்கிறது என்றால், சாப்பாட்டில் கனக்கிற பொருளை அது வெளியே எடுத்துவிடுகிறது. சமைத்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். உணவை உறைய வைத்து, வெற்றிடத்தில் அந்தப் பனிக்கட்டியை நேராக ஆவியாக்கினால் தண்ணீர் போய்விடும், கலோரி அப்படியே இருக்கும். போன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாக நிற்பதால் வெந்நீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பழைய பதத்துக்கு வந்துவிடும். தண்ணீரை மட்டும் வழியில் கிடைக்கிற இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம், சுமக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் எடை குறைய வேண்டுமென்றால் வழி கொழுப்புதான். நிலக்கடலையில் 100 கிராமுக்கு 567 கலோரி, ஆலிவ் எண்ணெயில் 884. இரவு உணவில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டால் 14 கிராம் எடையில் 120 கலோரி ஏறிவிடுகிறது. இரண்டாவது பயணத்தில் ஓட்ஸ், கடலை, பாதாம், உலர் திராட்சை, இரவுக்கு உலர்த்திய பொட்டலம், ஒரு சின்ன பாட்டில் எண்ணெய். நாளுக்கு 650 கிராம் வந்தது, 3000 கலோரிக்குக் கொஞ்சம் மேலேயே.

இதில் தொல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுப்பு, பாத்திரம், சின்ன கேஸ் டப்பா மூன்றும் சேர்ந்து என்னிடம் 450 கிராம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 3000 மீட்டரில் 90 டிகிரி வாக்கில். பொட்டலத்தில் போட்ட நேரத்தை நம்பித் திறந்தால் நடுவில் பருக்கை நறநறவென்று இருக்கும். துண்டில் சுற்றி இன்னும் பத்து நிமிடம் விட வேண்டும். அடுப்பே வேண்டாம் என்பவர்கள் ஓட்ஸைப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்தே ஓட்டுகிறார்கள். நான் ஒரு காலை முயன்றேன், மறு காலை அடுப்பைப் பற்ற வைத்துவிட்டேன்.

பவுடர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிராமுக்கு 4 கலோரிக்குச் சற்று மேல், எடையில் உலர்ந்த உணவுக்குக் கிட்டத்தட்ட சமம், அடுப்பும் வேண்டாம். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்றால் இன்றும் ஒரு பொட்டலம் எடுத்துப் போகிறேன். கலக்குகிற பாட்டிலை அன்றே கழுவாவிட்டால் மறுநாள் மூடியைத் திறக்க முடியாது, அவ்வளவுதான் குறை.

காப்ஸ்யூலுக்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1910இல் கிளம்பிய, பிரிட்டிஷ்காரர் ராபர்ட் ஸ்காட்டின் தென்துருவக் குழு கொழுப்பும் உலர்ந்த இறைச்சியும் சேர்ந்த பெம்மிக்கன், பிஸ்கட், வெண்ணெய் என்று சறுக்குவண்டியை இழுத்துப் போனது. கலோரிக்கே பற்றாக்குறை, வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை. குழுவில் இருந்த எட்வர்ட் எவன்ஸ் திரும்புகிற வழியில், வைட்டமின் சி குறைந்தால் வருகிற ஸ்கர்வி நோயில் விழுந்து, வண்டியில் படுக்க வைத்து இழுத்து வரப்பட்டார். வைட்டமின் சி இன்னதென்று தெளிவானது 1932இல்தான். அவர்களிடம் தினம் ஒரு மாத்திரை இருந்திருந்தால் எவன்ஸ் ஸ்கர்வியிலிருந்து தப்பியிருப்பார், ஆனால் பசி அப்படியேதான் இருந்திருக்கும். ஸ்கர்வி தலைகாட்டவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், நான்கைந்து நாள் நடைக்கு அந்த மாத்திரைகூடத் தேவையில்லை.

நான் ஒரே மூச்சில் நடந்தது அதிகபட்சம் எட்டு நாள், பனியில் ஒரு நாள்கூட இல்லை. ஆகவே மாதக்கணக்கில் நடக்கிறவர்களுக்கு என் பேச்சு செல்லாமல் போகலாம். அவ்வளவு தூரம் போகிறவராக இருந்தால், மல்டிவிட்டமினை இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொள்ளுங்கள். அதிலுள்ள இரும்பும் துத்தநாகமும் வெறும் வயிற்றில் குமட்டும். காலைக் குளிரில் பையைத் தோளில் ஏற்றும்போது அது வேண்டாம்.