அலைன்மென்ட் பண்ண கொடுத்தேன், லாக் நட்டைக்கூட டைட் பண்ணாம அனுப்பிட்டாங்க

வீல் அலைன்மென்ட் (சக்கரங்க சரியான கோணத்துல நிக்குதான்னு அளந்து சரி பண்றது) பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், ஆனா நேத்து ஆபீஸ்ல ஒருத்தர் அதே ஏரியா கடையில கேம்பருக்கு (முன்னாலேர்ந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ சாஞ்சு நிக்கற கோணம்) காசு கட்டிட்டு வந்தேன்னு சொன்னதும் மனசு கேக்கல. கடை பேர் போடல. திருச்சி பைபாஸ் பக்கம், அவ்ளோதான்.

என்னோடது 2014 ஸ்விஃப்ட். கைய விட்டா லெஃப்ட்ல இழுத்துச்சு. மதுரையில ஒரு கல்யாணம், குடும்பத்தோட போகணும், அதுக்கு முன்னாடி சரி பண்ணிடலாம்னு 350 ரூபா அலைன்மென்ட்னு போர்டு பாத்து உள்ள விட்டேன். பத்து நிமிஷத்துல கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல எல்லாம் சிவப்பு. "சார் ரெண்டு பக்கமும் கேம்பர் அவுட், லெஃப்ட் லோயர் ஆர்மும் போச்சு, இப்படியே ஹைவேல போகாதீங்க"ன்னு சொல்றாங்க (லோயர் ஆர்ம்னா சக்கரத்த வண்டியோட அடிச்சட்டத்துல இணைக்கற இரும்புக் கை), பின் சீட்ல பசங்கள வச்சுக்கிட்டு போகப்போறவன் என்ன பண்ணுவான், சரின்னுட்டேன். வெளிய சேர் போட்டு உக்கார வச்சுட்டாங்க. அலைன்மென்ட் 350, பேலன்சிங் 400, கேம்பர் 1,600, லோயர் ஆர்ம் 2,400, லேபர் 500. மொத்தம் 5,250. பழைய ஆர்மக் கேட்டதுக்கு ஸ்கிராப்ல போட்டாச்சுன்னாங்க. பிரிண்ட் அவுட் கேட்டதுக்கு பிரிண்டர் ரிப்பேர்.

வெளிய எடுத்ததுமே தெரிஞ்சுது, வண்டிய நேரா ஓட்டினா ஸ்டீயரிங் ரைட்ல சாஞ்சு நிக்குது, கைய விட்டா இழுக்கறதும் நிக்கல. போன் பண்ணா 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும் சார்னு பதில். தயவுசெஞ்சு இத யாரும் நம்பாதீங்க, அலைன்மென்ட் ஓட ஓட செட் ஆகாது, கெட்டுத்தான் போகும். நான் நம்பி விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர்னு மதுரை வரைக்கும் போய்ட்டு வந்து, அப்புறமும் தினமும் ஓட்டி, 1,200 கிலோமீட்டர் ஆனப்ப முன் டயர் ரெண்டுலயும் உள் ஓரம் தேஞ்சிருக்கறத பாத்தேன். டயர் பட்டன் மேல குறுக்க கைய ஓட்டிப் பாத்தா ஒரு பக்கமா வழுக்குது, திருப்பி ஓட்டினா ரம்பம் மாதிரி கீறுது. டோ (மேலேர்ந்து பாத்தா முன் சக்கரங்க உள்பக்கமாவோ வெளிப்பக்கமாவோ திரும்பியிருக்கற அளவு) தப்பா இருந்தா வர்ற தேய்மானம் இதுதான்.

என் மச்சான் லாரி பட்டறையில வேலை பாக்குறான். ஞாயித்துக்கிழமை வந்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வச்சு (வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில போயிடாதீங்க) சக்கரத்த கழட்டினான். லோயர் ஆர்ம் பளபளன்னு கருப்பா இருந்துச்சு. நகத்தால சுரண்டினான், பெயின்ட் தோலா உரிஞ்சு அடியில துரு. ஆர்ம் மூட்டுல இருக்கற புஷ் ரப்பர் பழசு, ஓரத்துல விரிசல்மேலயே பெயின்ட் அடிச்சிருக்காங்க. மாத்தவே இல்ல.

அடுத்து டை ராட் (ஸ்டீயரிங்க சக்கரத்தோட இணைக்கற கம்பி) பக்கம் கைய வச்சவன் அப்படியே நின்னுட்டான். "மாமா, இங்க கைய குடுங்க." ஸ்பானர் போட்டு இறுக்கியிருக்க வேண்டிய லாக் நட்டு, என் ரெண்டு விரல்ல சுத்துச்சு. அது லூஸா இருந்தா ராட் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி டோ மாறிக்கிட்டே இருக்கும், மரை தேஞ்சு கழண்டுச்சுன்னா ஸ்டீயரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். இதுலதான் பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திக்கிட்டு மதுரை போய்ட்டு வந்திருக்கேன். காச விடுங்க, இத மட்டும் என்னால மன்னிக்க முடியல.

கேம்பர் கதையும் சொல்லிடறேன். ஸ்விஃப்ட்ல முன் சக்கரத்துக்கு கேம்பர் அட்ஜஸ்ட் பண்ண கம்பெனி ஒரு போல்ட்டும் குடுக்கல, டோ மட்டும்தான் அட்ஜஸ்ட் ஆகும். கேம்பர் அவுட்டா இருந்தா ஏதோ ஒரு பார்ட் வளைஞ்சிருக்கு இல்ல தேஞ்சிருக்குன்னு அர்த்தம், அதக் கண்டுபிடிச்சு மாத்தணும். இவங்க ஹைட்ராலிக் டூல மாட்டி ஸ்ட்ரட்ட (சக்கரத்துக்கு மேல ஷாக் அப்சார்பர் இருக்கற தூண்) நெம்பி வளைக்கறாங்க, என் வண்டியில அந்த டூல் கடிச்ச தடம் அப்படியே இருக்கு.

டோவ வீட்லயே அளந்தோம். முன் சக்கரத்த தூக்கி, சுத்தவிட்டு டயர்மேல ஒரே கோடா சாக்பீஸ் போட்டு, இறக்கி, வண்டிய கொஞ்சம் முன்ன பின்ன உருட்டிட்டு, ஸ்டீயரிங்க நேரா வச்சு, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல டேப் பிடிச்சு டயரோட முன் பக்கம் ஒரு அளவு, அதே உயரத்துல பின் பக்கம் ஒரு அளவு. கிட்டத்தட்ட சமமா இருக்கணும். எங்களுக்கு முன் பக்கம் 9 மில்லிமீட்டர் அதிகம், அதாவது சக்கரம் ரெண்டும் வெளிப்பக்கமா விரிஞ்சு நிக்குது. பழைய இடத்த பெயின்ட்ல மார்க் பண்ணிட்டு லெஃப்ட் டை ராட்ட கால் சுத்து கால் சுத்தா திருப்பி, ஒவ்வொரு தடவையும் உருட்டி அளந்து, வித்தியாசம் 1 மில்லிமீட்டர் வந்ததும் லாக் நட்ட இறுக்கினோம். ஸ்டீயரிங்கும் நேரா வந்துடுச்சு.

ஆனா இழுக்கறது மட்டும் போகல. அப்பதான் மச்சான் முன் டயர் ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுப் பாக்கலாம்னான். போட்டோம், வண்டி ரைட்ல இழுக்குது! அப்போ கோளாறு ஆரம்பத்துலேர்ந்தே அந்த ஒரு டயர்லதான். அத பின்னாடி போட்டதும் இழுப்பே இல்ல. 5,250 ரூபா செலவுக்கு பதிலா செய்ய வேண்டியிருந்தது இந்த அரை மணி நேர வேலைதான். அதனால வண்டி இழுத்தா முதல்ல ரெண்டு பக்கமும் காத்து சமமா வச்சு, சமதளத்துல ஓட்டிப் பாருங்க (மழைத் தண்ணி வடியறதுக்காக ரோடே ஓரமா சரிஞ்சிருக்கும், அதனால லேசா லெஃப்ட்ல போறது சகஜம்), அப்புறம் டயர மாத்திப் போட்டுப் பாருங்க, அப்புறம் கடைக்கு போங்க. போனா சேர்ல உக்காராதீங்க, வண்டி பக்கத்துலயே நில்லுங்க.

கடைக்கு திரும்பப் போனேன். பெயின்ட் அடிச்ச ஆர்மோட போட்டோவ காட்டினதும் ஓனர் ஒண்ணும் பேசாம ஆர்முக்கும் லேபருக்கும் உண்டான 2,900-ஐ குடுத்துட்டாரு, கேம்பர் காசு தரல. லாக் நட்டு பத்தி கேட்டதுக்கு "பையன் மறந்திருப்பான் சார்"னு சொன்னாரு. இந்த மூணு நாலு மாசத்துல அந்தப் பக்கம் அலைன்மென்ட் பண்ணவங்க யாரா இருந்தாலும், ஸ்டீயரிங்க முழுசா ஒரு பக்கம் ஒடிச்சு நிறுத்திட்டு சக்கரத்துக்கு பின்னாடி கைய விட்டு டை ராட்ல இருக்கற அந்த லாக் நட்ட ஒரு தடவை திருகிப் பாருங்க. கையால சுத்துச்சுன்னா வண்டிய எடுக்காதீங்க, மெக்கானிக்க வீட்டுக்கே கூப்பிடுங்க.